முன்னுக்கு ஒரு கோடு

விசைப்பலகையில் சைபருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதல்லவா, அது நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் வேறு இடத்தில் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. 43 ஃபைல் பழுதாப் போச்சு.

நாங்கள் மூன்று பேர், கலைப்பீடம். கொம்பியூட்டர் படிக்கிற ஆக்கள் இல்லை. பேச்சுவழக்கு பற்றிய ஒரு ஒப்படைக்காக அவரவர் ஊரில் வயது போன பெண்களிடம் கதை கேட்டு எழுதினோம். கலியாணம், இடப்பெயர்வு, கிணறு வெட்டினது, மாடு துலைஞ்சது என்று என்னென்னவோ கதைகள். கொஞ்சத்தைக் கொப்பியில் எழுதிப் பிறகு ரைப் பண்ணினோம். மிச்சத்தை ஃபோனில் பதிந்து, கேட்டுக் கேட்டு நேரே ரைப் பண்ணினோம். ஃபோனில் இடம் காணாமல் போகப் போகப் பதிவுகளை அழித்துக்கொண்டும் வந்தோம். எழுத்தில்தானே இருக்கு எண்ட தைரியம்.

ரைப் பண்ணியது எல்லாம் பாமினியில். இலங்கையில் தமிழ் ரைப் பண்ணப் பழகின ஆக்களுக்குப் பாமினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு. 'ஜே' தட்டினால் த தெரியும், 'கே' தட்டினால் ம தெரியும். கொம்பியூட்டருக்குள்ளே கிடப்பது ஜேயும் கேயும்தான். அதனால் தேட முடியாது, ஃபோனில் வாசிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஃபைல் ஃபைலாக இணையத்தில் ஒட்டி மாற்றப் பஞ்சிப்பட்டு, நாங்களே பைதனில் ஒரு சின்ன நிரல் எழுதினோம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மாற்றி அதற்கு மேலேயே எழுதுகிற ஒரு லூப். அவசரத்துக்கு ஒரு பாதுகாப்பும் வைத்தோம். நிரலின் பேருக்குப் பிறகு 'மைனஸ் என்' என்று போட்டால் எதையும் எழுதாமல் திரையில் மட்டும் காட்டும்.

அண்டைக்கு அட்டவணை சரியோ என்று பார்க்கத்தான் எங்களில் ஒருத்தி அதை ஓட்டினாள். முதலில் ஃபைல்களின் பேர், கடைசியில் மைனஸ் என். எங்கட நிரலோ முதலாவது இடத்தை மட்டும்தான் பார்க்கும். அங்கே கோடு இல்லை. ஆகவே காட்டாமல் எழுதத் தொடங்கியது. 43 ஃபைலையும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் 'மைனஸ் என்' என்ற பேரில் ஒரு ஃபைலும் இல்லையே என்று ஒரு பிழைச் செய்தி தந்தது. நக்கல் அடித்த மாதிரி இருந்தது.

அட்டவணையில் ஒரு பிழையும் இருந்தது. ண வர வேண்டிய இடத்தில் ன என்று அடித்திருந்தோம். அதனால் எல்லா ணவும் னவாகிவிட்டன. கண் 'கன்' ஆனது, வீணாக என்பது 'வீனாக' ஆனது. இதெல்லாம் பரவாயில்லை, பார்த்தே திருத்தலாம். ஆனால் மனமும் மணமும் ஒன்றாகிவிட்டால்? பனியும் பணியும்? 'பிரதி எடுத்து வைக்கேல்லையா?' என்று கேட்பீர்கள். இல்லை. 29 ஃபைலுக்குக் கொப்பி இருந்தது, திரும்பப் பார்த்து அடித்தோம். 14 ஃபைலுக்கு ஒன்றும் இல்லை. அந்த 14இல் ஒன்று எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவினுடையது. அவர் இதற்கு இரண்டு மாதத்துக்கு முதல் செத்துப்போனார்.

கொஞ்ச நாள் எங்களுக்குள் கதையே இல்லை. ஓட்டினவள் தன்னில் பிழை என்று அழுதாள். எழுதின நாங்கள் வாய் திறக்கவில்லை.

விஞ்ஞானபீடத்தில் படிக்கிற ஒரு அண்ணா நிரலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். 'தங்கச்சி போட்டதில ஒரு பிழையும் இல்லை. லினக்ஸில கனபேர் அப்பிடித்தான் போடுவினம்.' பிறகுதான் தெரிந்தது, இது பழைய வழக்கு. யுனிக்ஸ் வழியில் வந்த பொசிக்ஸ் நியமம், ஒப்ஷன் எல்லாம் ஃபைல் பேர்களுக்கு முன்னுக்கு வரவேண்டும் என்கிறது. குனூ கருவிகளோ ஒப்ஷன் எங்கே கிடந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பழகின கைகள் உலகத்தில் இருக்கின்றன. எங்கட நிரல் இந்த இரண்டில் எதையும் தெரியாமல், 'முதலாவதாக வந்தால் கோடு, இல்லாவிட்டால் ஃபைல்' என்று தன்பாட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தது.

அந்த அண்ணாதான் ஹாஸ்கலைக் காட்டினார். தர்க்கவியலாளர் ஹாஸ்கல் கரியின் பேரில் 1990இல் வெளிவந்த மொழி அது. முழுக்க முழுக்கச் சார்புகளால் ஆனது. 'இதைக் கட்டளை வரி ஒப்ஷன் வாசிக்கிறதில இருந்து படியுங்கோ' என்றார். அது என்ன இடம் தொடங்க என்று யோசித்தோம். ஆனால் எங்களுக்கு அடி விழுந்த இடம் அதுதானே.

முதலில் பிடிபட்டது சொல்தான். பார்சிங். 'பகுதி' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்கியத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டச் சொல்லுவதற்கு இருந்த பேர் அது. அட, இது எங்கட பகுபத உறுப்பிலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஓ.எல்.இல் பிரித்துப் பிரித்துக் களைத்த அதே வேலை. திரையில் நீங்கள் அடிக்கிற வரி நிரலுக்குப் போய்ச் சேரும்போது வெறும் சொற்களின் பட்டியல்தான். அதில் எது கட்டளை, எது பேர், எது எதைச் சேர்ந்தது என்று பிரிப்பது நிரலின் வேலை.

இரண்டாவதாகப் பிடிபட்டது வேற்றுமை. 'நாய் பூனையைக் கடித்தது', 'பூனையை நாய் கடித்தது'. சொற்களை இடம் மாற்றினாலும் கடிபட்டது பூனைதான். ஏனென்றால் ஐ உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் இடம் மாறினால் நாய் கடிபடும். எங்கட பழைய நிரல் ஆங்கிலம் மாதிரி இடத்தைப் பார்த்துப் பொருள் கொண்டது. ஒப்ஷனுக்கு முன்னால் போடுகிற கோடு உண்மையில் ஒரு வேற்றுமை உருபு. இந்தச் சொல் எங்கே நின்றாலும் இதன் வேலை இது என்று சொல்லத்தான் அது இருக்கிறது. நாங்கள் உருபைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் விட்டோம். தமிழ் படிக்கிற எங்களுக்கு இது வெட்கம்தான்.

ஹாஸ்கலோடு கூடவே வருகிற கெட்ஒப்ட் என்ற நூலகம் இதை அப்படியே ஒரு கேள்வியாகக் கேட்கிறது. ஒழுங்கு எப்படி என்று நீங்கள் மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்ஷன்கள் முன்னுக்கு மட்டும் வரலாம், அல்லது எங்கேயும் கலந்து வரலாம், அல்லது ஒப்ஷன் அல்லாத சொல்லையும் ஒப்ஷனைப்போல வந்த வரிசையிலேயே தரலாம். சொல்லாமல் தப்ப முடியாது. ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் நான்கு விபரம் எழுத வேண்டும்: ஓரெழுத்துப் பேர், நீளப் பேர், அதற்குப் பின்னால் ஒரு பெறுமதி வருமா, பாவிக்கிறவருக்கு ஒரு வரி விளக்கம். பெறுமதி என்பதிலும் மூன்று வகை: வராது, கட்டாயம் வரும், வந்தாலும் வரும் வராட்டாலும் போகும். வாசித்து முடித்ததும் மூன்று பட்டியல் தரும்: கண்டெடுத்த ஒப்ஷன்கள், மிச்சச் சொற்கள், பிழைச் செய்திகள். முதல் பிழையைக் கண்டதும் விழுந்து படுக்காமல் எல்லாப் பிழையையும் சேர்த்துச் சொல்கிறது. நல்ல ரீச்சர் மாதிரி.

பிறகு ஒப்ட்பார்ஸ்-அப்ளிகேட்டிவ் என்ற நூலகத்துக்கு வந்தோம். இங்கேதான் சார்புமொழி என்றால் என்ன என்று எங்களுக்கு உண்மையில் விளங்கியது. இங்கே ஒவ்வொரு ஒப்ஷனும் ஒரு குட்டிப் பார்சர். குட்டிகளைச் சேர்த்துப் பெரிய பார்சர் கட்டலாம். சேர்க்க இரண்டு வழி. ஒன்று 'இதுவும் அதுவும்'. மற்றது 'இது அல்லது அது'. தமிழில் உம்மும் அல்லதும் செய்கிற வேலை.

இந்த 'அல்லது'தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. பழைய முறையில் யோசித்தால் மூன்று ஆம்-இல்லைக் கேள்விகள் இருக்கும்: காட்டவா, மேலே எழுதவா, வேறு இடத்தில் எழுதவா? மூன்று கேள்வியென்றால் எட்டு நிலை. அதில் பொருள் உள்ளது மூன்று மட்டும். மிச்ச ஐந்தும் உளறல். காட்டவும் வேணும் எழுதவும் வேணும் என்றால் என்ன செய்வது? ஹாஸ்கலில் நாங்கள் ஒரு வகையை வரையறுத்தோம்: 'காட்டு' அல்லது 'மேலெழுது' அல்லது 'இந்தப் பேரில் எழுது'. அந்த வகைக்குள் உளறல் ஐந்துக்கும் இடமே இல்லை. யாராவது இரண்டு ஒப்ஷனைச் சேர்த்துப் போட்டால், இரண்டாவது செல்லாது என்று சொல்லி ஒரு ஃபைலையும் தொடாமல் நிற்கும். ஒன்றுமே போடாவிட்டால் காட்டும். ஆபத்தான வேலை வேண்டுமென்றால் அதை நீங்கள் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். முந்தி நாங்கள் வைத்திருந்தது நேர் எதிர். ஆபத்து சும்மா நடக்கும், பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

2019இல் அலெக்சிஸ் கிங் எழுதின ஒரு கட்டுரை ஹாஸ்கல்காரருக்குள் பிரபலம். சோதித்துப் பார்த்துவிட்டு மறந்துபோகாமல், சோதனையின் முடிவை வகையிலேயே பதித்து வை என்பது அதன் சாரம். எங்களுக்கு அது வாசலில் நிற்கிற ஆளைப் பற்றிய கதையாக விளங்கியது. ஒருவரிடம் வாசலில் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொரு அறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. வாசலிலேயே சரியாகப் பிரித்துவிட்டால் உள்ளே இருப்பவர் நிம்மதியாக வேலை செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நூலகத்தில் நீங்கள் ஒப்ஷனை ஒருமுறை விவரித்தால் உதவிப் பக்கம் தானாக வரும். காரணம் அப்ளிகேட்டிவ் என்ற அமைப்பு. அதில் பார்சரின் வடிவம் ஓட்டுவதற்கு முதலே முழுக்கத் தெரியும். முதல் ஒப்ஷனில் என்ன பெறுமதி வந்தது என்பதைப் பொறுத்து அடுத்தது மாறாது. மாறுமென்றால் அது மொனாட். அப்போது என்னென்ன ஒப்ஷன் இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் ஒருவராலும் பட்டியல் போட ஏலாது. சுதந்திரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரிகிறது. இது நிரலுக்கு மட்டுமான பாடம் இல்லை என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுத வெளிக்கிட்டபோதுதான் சிரிப்பு வந்தது. நீளப் பேராகத் தமிழ்ச் சொல் போட முடிந்தது. ஓரெழுத்துப் பேராக 'மு' போடப் போனால் கொம்பைலர் ஏற்கவில்லை. எங்களுக்கு மு ஒரு எழுத்து. யூனிகோடுக்கு அது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. தனி ம என்றால் ஓம் என்கிறது. அதேபோல 'கோப்பு' எங்களுக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. ஆறு என்று எண்ணி இடம் விட்டதால் உதவிப் பக்கத்தின் நிரைகள் கோணல்மாணலாக வந்தன. கோணலோடேயே விட்டுவிட்டோம். எங்கட ஊர்க்காரருக்கு வாசிக்க விளங்கும்.

பொய் சொல்லக் கூடாது. இந்த வகையெல்லாம் இருந்தும் அட்டவணையில் ண பிழைத்திருந்தால் பிழைத்ததுதான். எந்த மொழியும் அதைப் பிடித்துத் தராது. ஆனால் அண்டைக்கு அவள் கடைசியில் போட்ட மைனஸ் என்னை நிரல் கண்டிருந்தால், பிழையைத் திரையில் பார்த்திருப்போம். சிரித்துவிட்டு ஒரு எழுத்தைத் திருத்தியிருப்போம். பிழை விடுகிறது மனிசர்தான். பிழையைப் பார்க்க ஒரு இடம் விட்டுவைப்பது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு. ஓட்டினவளிடம் நாங்கள் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க மூன்று கிழமை எடுத்தது.

புது நிரலை 14 ஃபைலிலும் ஓட்டினோம். மாற்ற இல்லை, ஐயமான ன எல்லாவற்றையும் குறித்துக் காட்ட. கனக்க இடங்களை வசனத்தைப் பார்த்துத் திருத்திவிட்டோம். அம்மம்மாவின் ஃபைலில் ஒரு வசனம் மட்டும் அப்படியே நிற்கிறது. இடம்பெயர்ந்த பிறகு விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் சொன்னது: 'எங்கட வீட்டு மனம் இன்னும் என்னில நிக்குது, பிள்ளை.'

மனமா, மணமா? அவரை அறிந்த எல்லாரிடமும் கேட்டோம். ஆளுக்கொரு பதில். கடைசியில் இரண்டு எழுத்தையும் போட்டு நடுவில் ஒரு சின்னக் கோடு வைத்துவிட்டோம்.