ஆர்டரும் வேணும், பாக்கியும் வரணும்

"கேஸ் போட்டா ஆர்டர் நின்னு போயிருமுங்களே?"

கோவையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த ஆண்டுகளில் லேத் பட்டறைக்காரர்களிடம் நான் ஓயாமல் கேட்டது இதைத்தான். பாக்கி எவ்வளவு, சட்டத்தில் வழி உண்டா, செலவு என்ன ஆகும் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். சிறுதொழில்காரருக்குச் சட்ட உதவி என்று யார் பேசினாலும், இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அது இல்லாத உதவி பட்டறை வாசலைக்கூட எட்டாது.

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இருக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைகளுக்குள் போய் வந்தவர்களுக்கு அந்த நிலைமை தெரியும். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூன்று நான்கு ஆட்கள். முதலாளியும் ஆயில் கையோடு நின்று வேலை செய்வார். பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். இரும்பு பல நேரம் கம்பெனியுடையது, இவருக்கு வருவது கூலி மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கரண்ட் பில்லுக்குத் தேதி உண்டு, வங்கித் தவணைக்குத் தேதி உண்டு. ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால், பணம் கைக்கு வராவிட்டாலும் இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கான வரியைக் கட்டிவிட வேண்டும். இவருக்கு வரவேண்டிய பணம் மட்டும் தொண்ணூறு நாள் என்று ஆரம்பித்து நூற்றைம்பது நாளுக்குப் போகும். அதைக் கேட்கப் போனால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு பையன், "அடுத்த வாரம் பார்க்கலாங்ண்ணா" என்பான். அவனுக்கும் மேலே யாரோ சொன்னதுதான்.

இந்த மனிதருக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. குறு நிறுவனமோ சிறு நிறுவனமோ கொடுத்த சரக்குக்கும் செய்த வேலைக்கும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் ஏறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். 4 லட்ச ரூபாய் பாக்கி இரண்டே ஆண்டில் 5 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த வட்டியைக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

முறையிட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஃபெசிலிட்டேஷன் கவுன்சில் என்று எல்லோரும் சொல்லும் மன்றம் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு மண்டலங்களுக்கு இருக்கிறது. ஆன்லைனில் மனுப் போடலாம். முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட வெகுகாலம் இழுக்கிறது, இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனாலும் தீர்ப்பு வந்தபின் அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சிறியவருக்கு இந்த அளவு கை கொடுக்கும் சட்டப்பிரிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் முகம் மலரும். "சரிங்க, பேப்பரை எடுங்க" என்று எங்கள் வக்கீல் சொன்னதும் வாடிவிடும்.

அந்த 45 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பெனி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் குறை இருப்பதாக எழுத்தில் சொல்லவில்லை என்றால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று சட்டமே வைத்துவிடுகிறது. அப்படியானால் சரக்கு என்றைக்குப் போனது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். டெலிவரி சலானில் கம்பெனி கேட்டில் போடும் இன்வர்ட் சீல், தேதி, கையெழுத்து. இந்த மூன்றும் உள்ள சலான் கைவசம் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. எங்களிடம் வந்த கட்டுகளில் சலான் இருக்கும், சீல் இருக்காது. சீல் இருந்தால் தேதி அழிந்திருக்கும். பல பேர் சலானை ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், நகல் திரும்பியே வந்திருக்காது.

அடுத்தது டெபிட் நோட். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சரக்கை வாங்கி, பம்பில் பூட்டி, பம்பை விற்றும் முடித்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து இவர் பாக்கியை அழுத்திக் கேட்டதும், "இத்தனை பீஸ் ரிஜெக்‌ஷன்" என்று ஒரு டெபிட் நோட் வந்து விழும். ரிஜெக்ட் ஆன பீஸைத் திருப்பிக் கொடு என்றால் அது இருக்காது. சட்டப்படி அந்த 15 நாள் எப்போதோ போய்விட்டது. ஆனால் பட்டறைக்காரர் என்ன செய்கிறார்? சண்டை வேண்டாம் என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு புதுக் கணக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். எழுதிக் கொடுத்ததும் அவருடைய உரிமை அவர் கையாலேயே போகிறது. டெபிட் நோட் வந்த அன்றே, "இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, சரக்கு இன்ன தேதியில் ஏற்கப்பட்டுவிட்டது" என்று மரியாதையாக இரண்டு வரி மெயில் போட்டால் போதும். அந்த இரண்டு வரியை அன்றைக்கே எழுதித் தர ஒருவர் பக்கத்தில் இருந்தால், அதுதான் சட்ட உதவி. இரண்டு ஆண்டு கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, போனதை மீட்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எறும்பு வரிசை போல் பொடி எழுத்தில், வழக்கு எதுவானாலும் மும்பை நீதிமன்றத்தில்தான், நடுவரைக் கம்பெனிதான் நியமிக்கும் என்றெல்லாம் இருக்கும். அதைப் பார்த்ததும், மும்பைக்கு யார் போவது என்று பாக்கியை விட்டவர்கள் உண்டு. ஆனால் வாங்கியவர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும், சப்ளை செய்தவரின் ஊருக்கான கவுன்சிலுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. தனி ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் விதியையும் இந்தச் சட்டம் மிஞ்சும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. செக் திரும்பிய வழக்கிலும் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் வாங்க வேண்டியவரின் வங்கிக் கிளை உள்ள ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இது தெரியாமல் எத்தனை பேர் ஊர் தூரத்தை நினைத்து ஒதுங்கினார்கள் என்று எண்ணும்போது மனசு ஆறுவதில்லை.

செக் விஷயத்தில் நாள் கணக்கு மட்டும் தவறக்கூடாது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கொடுக்க 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. பொதுவாகப் பாக்கிக்கு மூன்று ஆண்டுதான் கெடு. ஒவ்வொரு மார்ச்சிலும் பாக்கி இவ்வளவு என்று கம்பெனியிடம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டால், கெடு முடியுமுன் வாங்கிய அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யமும் அப்படித்தான், நேரத்தோடு செய்துவிட வேண்டும். 2020 ஜூலை 1 முதல் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஆதாரும் பானும் வேண்டும், கட்டணம் கிடையாது. கடனுக்காகத்தானே அது என்று தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். சப்ளைக்கு முன்பே பதிவு இருந்தால்தான் இந்தச் சட்டத்தின் பலன் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. பின்னால் 2025-இல் இன்னொரு அமர்வு அதில் ஐயம் எழுப்பிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் முடியட்டும், தொழில் தொடங்கும்போதே பதிவு செய்துவிட்டவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பதிவு உண்டு, ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும்தான். பாக்கி வசூல் பிரிவுகள் அவர்களுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மளிகை மொத்தக் கடைக்காரருக்கும் பாக்கி நிற்கத்தான் செய்கிறது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கேஸ் போட்டால் ஆர்டர் நிற்குமா? நிற்கும். ஒரே கம்பெனியை நம்பி இருக்கும் பட்டறைக்கு அது பிழைப்பே போகிற காரியம். அதனால்தான் கவுன்சிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உறவு முறிந்து போனபின் வருகிறார்கள். சப்ளை செய்தவர் வாயைத் திறந்தால்தான் சட்டம் வேலை செய்யும் என்று இருக்கும்வரை இது மாறாது.

வாயைத் திறக்காமலே வேலை செய்யும் பிரிவு ஒன்று 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த ஓர் உட்பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியதை 2006 சட்டம் சொல்லும் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் முடிவில் கெடு தாண்டிப் பாக்கி நின்றால் அதற்கும் சேர்த்துக் கம்பெனி வரி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் இதன் பலனை நேரில் பார்த்தேன். எத்தனை முறை நடந்தும் கிடைக்காத பாக்கி, கம்பெனி ஆடிட்டர் ஒரு வார்த்தை கேட்டதும் வங்கிக் கணக்கில் வந்து ஏறியது. பட்டறைக்காரர் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால்தான் ஆர்டர் என்று சொன்ன கம்பெனிகளைப் பற்றியும் கேள்விப்பட்டேன். அதற்கு இணங்கக் கூடாது என்று ஒருவரைத் தனியாக நிறுத்திச் சொல்வது சுலபம். ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுமே என்ற பயம் அவருக்கு இருக்கும். பக்கத்துப் பட்டறைக்காரரும் சேர்ந்து மறுத்தால்தான் நிற்கும். தொழில் சங்கங்கள் இறங்க வேண்டிய இடம் இது.

ஆர்டரை இழக்காமல் பேசி முடிக்க இன்னொரு வழியும் உண்டு. திருப்பூரில் வீட்டின் முன்பகுதியில் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைக்கும் ஓர் அக்காவுக்குப் பீஸ் ரேட் பாக்கி நின்றது. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து அவர் பேசாமல் இருந்தார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. இப்படிச் சில பிரிவினரைத் தவிர்த்த மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. "பிசினஸ் பண்றவங்களுக்கும் தருவாங்களா தம்பி?" என்று அவர் நம்பாமல்தான் கேட்டார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனோம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குத் தொடரும் முன்பே இரு தரப்பையும் அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். கோர்ட் கட்டணம் இல்லை. பாக்கியை மூன்று தவணையாகத் தருவதாக எழுதிக் கையெழுத்தானது. அங்கே ஏற்படும் தீர்வுக்கு நீதிமன்ற டிக்ரியின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. கம்பெனிக்காரர் போகும்போது, "அடுத்த லாட் வாங்கிக்கங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்த கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

ஆணைக்குழுவுக்கு வக்கீல் பட்டியல் இருக்கிறது, முகாம் நடத்தும் வழக்கமும் இருக்கிறது. அந்த முகாமை வாரம் ஒரு நாள், வேலை முடியும் நேரத்தில், சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நடத்த வேண்டும் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் கேட்கிறேன். பர்ச்சேஸ் ஆர்டரைக் கையெழுத்துப் போடும் முன் வாசித்துச் சொல்ல, சலானில் சீல் இருக்கிறதா என்று பார்க்க, டெபிட் நோட்டுக்குப் பதில் எழுதித் தர ஒரு வக்கீலும் ஒரு குமாஸ்தாவும் போதும். குமாஸ்தா வேலைக்கு நான் வருகிறேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.