நுக்தா

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், மஃரிபுத் தொழுகை முடிந்து மக்தபின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் கையில் பிடித்தபடி படியேறி வந்து ஸலாம் சொன்னார். பதில் கூறி முகத்தை நோக்கினேன். முன்பு என்னிடம் ஓதியவர். இப்போது கடைவீதியில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"இவன் என் மகன், ஹஜ்ரத். இவனும் என்னைப் போலத்தான். ஓதிக் கொடுங்கள். ஆனால் அடிக்காதீர்கள்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லை அவர் மிக்க மரியாதையோடுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1995-ஆம் ஆண்டு. மதரஸாவில் ஸனது பெற்று வெளிவந்து, இந்த மக்தபில் பொறுப்பேற்ற புதிது. கையில் பிரம்பும் நெஞ்சில் கல்விச் செருக்குமாக இருந்த காலம். இவருடைய அத்தா இவரை என்னிடம் ஒப்படைத்தபோது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஹஜ்ரத்" என்றார். பிள்ளையை ஓத அனுப்பும் தகப்பன்மார் அந்நாளில் வழக்கமாகச் சொல்வதுதான். நான் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

பையன் மந்தமானவன் அல்லன். நான் ஓதிக் காட்டினால் இரண்டாம் முறை கேட்கும்போதே மனத்தில் பதித்துக்கொள்வான். பத்து வயதில் யாஸீன் சூரா முழுவதும் மனனம். உச்சரிப்பும் பிசகாது. ஆனால் காயிதாவை விரித்து, "இது என்ன எழுத்து?" என்று விரல் வைத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேயைத் தே என்பான். தேயை யே என்பான். காலையில் சரியாகச் சொன்ன எழுத்தை மறுநாள் புதிதாய்ப் பார்ப்பவன்போலப் பார்ப்பான். யாஸீனை ஒப்பிக்கிறவனுக்கு ஓர் எழுத்துத் தெரியாதா, இது திமிர் என்று தீர்ப்பெழுதினேன். பிரம்பு பேசியது. அவனுடைய தாயார் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஓதி ஊதித் தரக் கேட்பார். காலையில் அவனை ஏசிய அதே வாயால் மாலையில் ஓதி ஊதிக் கொடுத்தேன். ஒரு நாள், அவனைவிட மூன்று வயது இளைய பிள்ளை ஒருவனை எழுப்பி, அந்த எழுத்தைச் சொல்ல வைத்து, இவன் காதைத் திருகவும் செய்தேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. பள்ளிக்கூடத்தையும் ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டான்.

அதே ஆண்டுகளில் எத்தனை ஜும்ஆ மேடைகளில், அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நான் விரித்துரைத்திருப்பேன்! குர்ஆனைத் திணறித் திணறிச் சிரமத்தோடு ஓதுகிறவருக்கு இரு கூலிகள் உண்டென்பது அது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. திணறுகிறவன் என் முன்னாலேயே அமர்ந்திருந்தான்.

அவர் மகனை அழைத்து வந்த பிறகுதான், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை ஒருவரைத் தேடிப்போய் விவரம் கேட்டேன். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைத்துக்கொள்வதில் உள்ள சிரமம் இது. அறிவுக் குறைவன்று, சோம்பலுமன்று. கண்ணிலும் காதிலும் கோளாறு உண்டா என்று முதலில் சோதித்துவிட வேண்டும். இருந்தால் அது வேறு வழக்கு. குடும்பத்தில் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். மருந்தால் தீர்வதன்று, வயது ஏறினால் தானே போய்விடும் என்று காத்திருப்பதும் பயனற்றது. பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1896-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தச் சிறுவனின் ஆசிரியர் சொன்னாராம். இதைக் கேட்டபோது, யாஸீன் ஓதிய அந்தக் குரல் என் காதில் விழுந்தது.

அரபு எழுத்தின் இயல்பையும் அப்போதுதான் ஒரு பிள்ளையின் கண்கொண்டு பார்த்தேன். பே, தே, ஸே, நூன், யே ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவே வந்தால் ஒரே பல்வடிவம்தான். நுக்தா மேலா கீழா, ஒன்றா இரண்டா மூன்றா என்பது மட்டுமே வேற்றுமை. காலையில் வலமிருந்து இடமாக இதை ஓதிய பிள்ளை, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போய்த் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். தமிழிலோ 'கொ' என்று ஒலிக்க ஒரு கொம்பு முன்னால், ஒரு கால் பின்னால். நமக்குப் பழகிவிட்டது.

ஆதிகால முஸ்ஹஃப்களில் இன்றுள்ள குறிகள் இல்லை. ஓதுவோர் தவறக் கண்டு, அபுல் அஸ்வத் அத்துஅலீ உயிரொலிகளைக் காட்ட வேறு நிற மையால் புள்ளியிடச் செய்தார் என்பது நாங்கள் மதரஸாவில் படித்த வரலாறு. படித்தேன், பரீட்சையும் எழுதினேன். ஓத இயலாதவருக்காக எழுத்தையே திருத்திக்கொண்டார்கள் முன்னோர் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

இப்போது சிறுவனுக்கு நுக்தாக்களைச் சிவப்பு மையால் பெரிதாக இட்டுத் தருகிறேன். தட்டில் மணல் பரப்பி, ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்கிறேன். வாரத்துக்கு ஓர் எழுத்து. ஒரு நாளைக்குக் கால்மணி நேரம். பிறர் முன்னால் வாசிக்கச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்திலும் பேசினோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்கும். "சான்றிதழ் வாங்கினால் ஊர் பேசாதா?" என்று சிறுவனின் பாட்டி தயங்கினார். பெண் பிள்ளையாயிருந்தால் இன்னும் தயங்கியிருப்பார்.

சில மாதங்கள் கழித்து, தனியே இருக்கும்போது அவரிடம் மஆஃப் கேட்டேன். கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பிரம்பெல்லாம் மறந்துவிட்டது, ஹஜ்ரத். அந்தச் சின்னப் பையன் என் காதைத் திருகினானே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மஆஃப் தந்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் மகனை விட்டுவிட்டுப் போகாமல் திண்ணையிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து மணல் தட்டின் மறுபக்கம் அமர்ந்தார். இன்றளவும் வருகிறார். மகன் ஜீமுக்கு வந்துவிட்டான். அத்தா இன்னும் ஸேயில் நிற்கிறார்.