விளக்குக்கு யார் காசு?

மாணவனாக இருந்த காலத்தில், கேலாங்கில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் ஒரு நமட்டுச் சிரிப்பு நிச்சயம் கிடைக்கும். டுரியான், தவளைக் கஞ்சி, லோரோங்குகளின் இரவு வாழ்க்கை, இவற்றோடு எங்கள் வட்டாரம் முடிந்துவிட்டது என்பது பலரின் எண்ணம். கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் 1993 முதல் ஸ்ரீ சிவன் கோயில் இருப்பதோ, வெள்ளிக்கிழமை மாலை அர்ச்சனை முடிந்து கேலாங் சிராய் சந்தைக்கு நடந்துபோய் என் அம்மா மீன் வாங்குவதோ அவர்களுக்குத் தெரியாது.

நான் படித்தது பொருளியல். வகுப்பில் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'பங்காளித்துவம்'. அரசாங்கமும் வணிகர்களும் சமூகமும் கைகோத்தால் வட்டாரப் பொருளாதாரம் வளரும் என்பார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் யார் வடம் பிடிக்கிறார், யார் வேடிக்கை பார்க்கிறார், தேர் யார் வீதி வழியாகப் போகிறது என்பதையெல்லாம் பாடநூல் சொல்லவில்லை. அவற்றை நான் கற்றுக்கொண்டது இரண்டு இடங்களில்: நான் வளர்ந்த கேலாங்கிலும், சிராங்கூன் சாலையின் பக்கத்துச் சந்து ஒன்றில் என் சித்தப்பா நடத்தும் மளிகைக் கடையிலும்.

முதலில் கேலாங். 1989இல் கேலாங் சிராயில் 'மலாய் கிராமம்' எழுந்தது. கம்பத்து வாழ்க்கையைச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுவதற்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது. தொடக்கப்பள்ளியில் எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். அழகான மரவீடுகள். எங்கள் வகுப்பு மாணவர்களைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பழைய சந்தையிலோ தோள் இடிக்காமல் நகர முடியாது! உண்மையான கேலாங் சிராய் சாலையைக் கடந்தாலே இருக்கும்போது, அதன் பொம்மையைப் பார்க்க யார் வருவார்? 2011இல் கிராமம் மூடப்பட்டது. 2018இல் அதே இடத்தில் விஸ்மா கேலாங் சிராய் திறந்தது. சமூக மன்றம், மரபுடைமைக் கூடம், முதியோருக்கான சேவைகள் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தேவையானவை இப்போது ஒரே கூரையின் கீழ் உள்ளன. முதலில் ஊர்க்காரர்கள் வரவேண்டும், அவர்களைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். இந்த எளிய கணக்குப் புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவின் கதை வேறு. 1989இல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. சுவர்கள் தப்பினால் போதுமா, வியாபாரமும் தப்ப வேண்டாமா? லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் மரபுடைமைச் சங்கம் பயணத்துறைக் கழகத்தின் ஆதரவோடு தீபாவளி ஒளியூட்டை நடத்துகிறது. இந்து அறக்கட்டளை வாரியமும் கைகொடுத்து வந்திருக்கிறது. பொங்கலுக்குச் சங்கம் கேம்பல் லேனில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டிய ஆண்டுகளில், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் மக்கள் மட்டுமின்றிச் சீனக் குடும்பங்களும் வரிசையில் நின்றன. மாட்டு வணிகத்தால் உருவாகி, 'பஃபலோ ரோடு' என்று பெயர் வாங்கிய பேட்டை அது.

சரி, அந்த விளக்குக்கு யார் காசு? நன்கொடையாளர்கள், அரசாங்கம், சங்கத்துக்குப் பணம் கட்டுகிற கடைகள். பணம் கட்டாத கடையின் வாசலிலும் விளக்கு அதே பிரகாசத்தோடுதான் எரிகிறது. "வெளிச்சத்துக்குக் கதவு போட முடியுமா தம்பி?" என்பார் சித்தப்பா. பொருளியலாளர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கனடாவின் டொரோண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1970இல் அங்கே ஒரு வழி கண்டார்கள்: பெரும்பாலோர் ஒப்புக்கொண்டால் வட்டாரத்தின் எல்லாக் கடைகளிடமும் நகராட்சியே கட்டணம் வசூலித்து வணிகர் அமைப்பிடம் கொடுத்துவிடும். அந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது. நம் நகர மறுசீரமைப்பு ஆணையமும் 2017இல் இதையொட்டி ஒரு முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தது. வணிகர்கள் திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக, ஒரு வரம்புவரை, அரசாங்கமும் ஒரு வெள்ளி தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து மாடிக் கட்டட உரிமையாளருக்கும் பத்தடிக் கடையின் வாடகைக்காரருக்கும் வெள்ளி ஒரே எடை அல்ல. வட்டாரம் மிளிர்ந்தால் முன்னவருக்கு வாடகை வருமானம் ஏறும். பின்னவர் கட்டவேண்டிய வாடகை ஏறும்!

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. விடுமுறைகளில் ஞாயிறுதோறும் சித்தப்பா கடையின் கல்லாவில் உட்காருவேன். மற்ற ஆறு நாள் வியாபாரம் ஒரு தட்டு, ஞாயிறு ஒரு தட்டு. தஞ்சாவூர், சிவகங்கை, பங்ளாதேஷ் என்று ஊர்பேர் சொல்லும் வெளிநாட்டு ஊழியர்கள்தான் அந்தத் தட்டை நிரப்பினார்கள். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின் 2015இல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் சேர்ந்தே கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. 2020இல் கிருமித்தொற்றால் ஊழியர்கள் விடுதிகளிலேயே அடைபட்டார்கள். அந்த ஆண்டு சித்தப்பா ஞாயிறு கணக்கு நோட்டைத் திறக்கவே இல்லை. 2022 ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்தபோதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் லிட்டில் இந்தியா, கேலாங் சிராய், சைனாடவுன், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு வர விடுதி ஊழியர்கள் அனுமதி பெறவேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 80,000 பேர் என்று தொடக்கத்தில் வரம்பு.

பொதுச் சுகாதாரக் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் கல்லாவை நிரப்புபவர்களுக்கு அந்த வட்டாரத்தின் பங்காளி என்ற பெயர் எந்தத் திட்டத்தில் இருக்கிறது? கேலாங் சிராயிலும் இதே சங்கடம். ரமலான் சந்தை 2020இலும் 2021இலும் நடக்கவில்லை. மீண்டும் களைகட்டியபோது எங்கள் புளோக் மக்சிக் கடை போடவில்லை. முன்பெல்லாம் வீட்டில் செய்த குவே பலகாரங்களை அங்கே விற்றவர். ஐந்திலக்க வாடகைக்கு எத்தனை குவே விற்கவேண்டும் என்று அவரே விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். சந்தைக்குக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட மக்சிக்குகள்தாம்.

சென்ற ஆண்டு சித்தப்பாவுக்கு ஒரு வட்டாரக் கலந்துரையாடலுக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி. "கடைக்காரனை ஞாயித்துக்கெழம கூப்பிடறாங்களே, இவங்க நம்ம கடைக்கு வந்திருக்காங்களா?" என்று சிரித்தார். பிறகு என்னை உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பிற்பகலுக்குக் கூட்டத்தை மாற்றினால் தாமே வருவதாகவும், வாடிக்கையாளர்கள் இருவரை உடன் அழைத்துவர அனுமதி வேண்டும் என்றும் எழுதினோம். செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர்களைப் பற்றிய வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.