கையெழுத்துக்கு முன்னால்

1964 ஜூலை 2 மாலை, வெள்ளை மாளிகையில் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட லிண்டன் ஜான்சனுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பேனாக்கள் தேவைப்பட்டன. ஒன்றில் ஒரு கீற்று, அடுத்ததில் இன்னொரு கீற்று. எழுதி முடித்த பேனா சுற்றி நின்றவர்களுக்குப் போகும். மார்ட்டின் லூதர் கிங்குக்கும் ஒன்று கிடைத்தது. நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்திய காலத்தில் இந்தப் படத்தைத் திரையில் போட்டால் பிள்ளைகள் சட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், பேனாவைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒருவன் வகுப்பிலிருந்த பேனாக்களையெல்லாம் வசூல் செய்து தன் பெயரை எழுதிப் பார்த்தான். கோழி கிளறிய மாதிரி வந்தது.

எனக்குப் பிடித்த பேனாக் கதை வேறு. 1960 தேர்தலின்போது கென்னடி, அரசு உதவி பெறும் வீடுகளில் நிறவேற்றுமையை அதிபர் ஒரே கையெழுத்தில் ஒழித்துவிடலாம் என்றார். ஜெயித்தார். கையெழுத்து வரவில்லை. ஒருவேளை அவரிடம் பேனா இல்லையோ என்று மக்கள் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் பேனாக்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். 1962 நவம்பரில்தான் ஆணை வந்தது. அதிபரின் அதிகாரத்தைப் பாடப்புத்தகம் அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவை வைத்து விளக்கும். எனக்கு இந்தக் கதை போதும். அதிகாரம் கையில் இருக்கிறது, கைதான் நகரவில்லை. அதை நகர்த்த யாரோ தபால்தலை வாங்க வேண்டியிருக்கிறது.

நான் படித்தது தமிழ்நாட்டில். அசோகர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார், ஒரு மார்க். மண்வெட்டி பிடித்தவர் யார் என்று கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். அதனால் அமெரிக்கப் பாடப்புத்தகம் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. லிங்கன் விடுவித்தார், ட்ரூமன் ராணுவத்தில் நிறப்பிரிவினையை ஒழித்தார், ஜான்சன் உரிமை தந்தார்.

ட்ரூமனையே எடுத்துக்கொள்வோம். 1946 பிப்ரவரியில் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சிப்பாய், ராணுவத்திலிருந்து விடுபட்ட கையோடு, சீருடையைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் போலீஸ் இறக்கி அடித்ததில் இரண்டு கண்களும் போயின. அதைக் கேட்டு ட்ரூமன் ஆடிப்போனார் என்பது உண்மை. 1948-இல் ஆணை 9981 வந்தது. தனிப்பேச்சில் கறுப்பர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க முடியாது என்பதும் உண்மை. எது நிஜமான ட்ரூமன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும்தான். பதினாறு வயதில் அந்தப் பதில் பிடிக்காது. எனக்கு நாற்பது வரை பிடிக்கவில்லை.

அவர்களுக்குப் பிடித்தவள் பார்பரா ஜான்ஸ். வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற ஊர், கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450 பேருக்கு மேல். மிச்சப் பேரைத் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகளில் உட்கார வைத்தார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயதுப் பெண், பொய்யாக ஒரு போன் வரவழைத்துத் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் பெயரிலேயே சீட்டு எழுதி எல்லாரையும் அரங்கத்தில் கூட்டினாள். வேலைநிறுத்தம் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த வழக்கு மற்ற நான்கு வழக்குகளோடு சேர்ந்து, 1954-இல் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பில் போய் முடிந்தது. கள்ளச்சீட்டு என்ற இடத்தில் வகுப்பு கைதட்டும். ஆசிரியராக நான் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 1957-இல் லிட்டில் ராக்கில் ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்குள் போக ஐசன்ஹோவர் 101-வது வான்வழிப் படைப்பிரிவையே அனுப்பினார். ஃபார்ம்வில்லுக்கு எந்தப் படையும் வரவில்லை. சேர்த்து உட்கார வைப்பதற்குப் பதிலாக அந்த மாவட்டம் 1959-இல் அரசுப் பள்ளிகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐந்து வருடம் போயிற்று. கைதட்டிய வகுப்பு விரல்விட்டு எண்ணத் தொடங்கும், ஆறாம் வகுப்பில் நின்றுபோனால் இப்போது எங்கே இருப்போம் என்று.

நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் செல்மா. அங்கே பாலத்தில் வாக்குரிமை ஊர்வலத்தின் மீது நடந்த தடியடியை எல்லாரும் அறிவார்கள். 1965 ஜனவரி 22 பெரும்பாலான புத்தகங்களில் இல்லை. அன்று ஃப்ரெடரிக் ரீஸ் என்ற ஆசிரியர், நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களை வாக்காளர் பதிவுக்காக நீதிமன்றப் படிகளுக்கு அழைத்துப் போனார். அவர்களுக்குச் சம்பளம் போட்டவர்கள் வெள்ளையர்கள், ஒரு கையெழுத்தில் வேலை போய்விடும். போலீஸ் படியிலிருந்து தள்ளியது, ஆசிரியர்கள் திரும்ப ஏறினார்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும், நான் அந்தப் படியில் ஏறியிருப்பேனா என்று என் மாணவர்கள் கேட்டதில்லை. நல்ல பிள்ளைகள்.

ஜான்சனும் வாத்தியார்தான். 1928-இல் டெக்சஸில் கொட்டூலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். 1965 மார்ச் 15 அன்று வாக்குரிமைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். அதே மனிதர் நாடாளுமன்றத்தில் தன் முதல் இருபது ஆண்டுகள் சிவில் உரிமை மசோதாக்களை எதிர்த்தே ஓட்டுப் போட்டவர். 1965 அக்டோபர் 3-இல் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இல்லாவிட்டால் நான் அந்த வகுப்பறைக்கே வந்திருக்க வழியில்லை. அதனால் அவரைப் பற்றிப் பேசும்போது என் குரலை நானே கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

அந்தச் சந்தேகத்துக்கு மருந்தாகத்தான் ஃபேனி லூ ஹேமரைக் கடைசியில் வைப்பேன். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். ஓட்டுக்குப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர், பிறகு சிறையில் அடிபட்டவர். எழுபது பேனாக் கையெழுத்துக்கு ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அதைத் தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கினார். ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. டல்லஸில் கென்னடி சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் என்றார். அவ்வளவுதான் விஷயம். அன்று இரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை மறுபடியும் ஒளிபரப்பின, அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "அவர் சும்மா இருந்திருக்கலாமே."