எந்தத் தெரு?

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவன் அங்கே அமெரிக்கர்களோடு பழகுகிறான் என்பது நம் ஊர் நம்பிக்கை. அசோகமித்திரனின் 'ஒற்றன்' (1985) இந்த விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட்ட புத்தகம். நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதிய தி. நகர்க்காரர் அவர். 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. அதே ஜெமினி முனைக்கு 1969இல் அமெரிக்கத் துணைத் தூதரகம் குடிவந்தது அவரே எழுதியிருக்கக்கூடிய கிண்டல். அயோவா பல்கலைக்கழகம் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு அவர் போனது 1973இல். அவர் மாணவர் அல்ல. ஆனால் அந்தத் தனிமையும் அந்தக் கூட்டமும் மாணவனுக்கு நன்றாகத் தெரிந்தவை. புத்தகத்தை மூடியபின் நினைவில் நிற்பது எத்தியோப்பிய அபே குபேக்னா, பெரு நாட்டு பிராவோ. அமெரிக்கர்கள் பெரும்பாலும் வந்து போகிறார்கள்.

மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் படித்த இரண்டு வருஷங்களும் அப்படித்தான். 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுக்கொண்டே அமெரிக்க மாணவன் தாண்டிப் போய்விடுவான். அதில் கபடம் ஒன்றுமில்லை, மயிலாப்பூரில் 'சாப்டாச்சா?' மாதிரி. 'ஒரு நாள் சந்திப்போம்' என்பான். அந்த ஒரு நாளுக்குத் தேதி கிடையாது. நவம்பரில் நாலாவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள், விடுதி காலியாகிவிடும். எங்கள் மாடியில் மிஞ்சியவர்கள் ஒரு கொரியன், ஒரு நைஜீரியன், நான். மூவருக்கும் ஒரே அடுப்பு. நான் ரசம் வைத்தால் கொரியன் ஜன்னலைத் திறப்பான். அவன் கிம்ச்சி ஜாடியைத் திறக்கும்போது நான் திறப்பேன். வெளியே பனி. எங்கள் மூவரின் ஆங்கிலமும் இரவல் என்பதால் யாரும் யாரையும் திருத்தவில்லை. அங்கே நான் சரளமாகப் பேசியது அந்த அடுப்பங்கரையில்தான்.

மயிலாப்பூரில் புது மனிதரிடம் முதல் கேள்வி, 'எந்தத் தெரு?' இரண்டாவது, 'அப்பா பேர்?' மூன்றாவதைக் கேட்க அவசியமிருக்காது, விடை அதற்குள் கிடைத்துவிடும். விடுதியில் என்னை இப்படி இடம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. முதல் சில வாரங்கள் அது பெரிய சௌகரியமாக இருந்தது. பிறகு ஓர் இரவு நானாகவே நைஜீரியனுக்கு என் தெருவைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கோயில், குளம், சுற்றி நாலு மாட வீதி.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கே யார் வேண்டுமானாலும் இருக்கலாமா?" என்றான்.

"வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் என்ன சாப்பிடுவாய் என்று விசாரிப்பார்கள்."

கொரியன் சிரித்தான். நைஜீரியன் சிரிக்கவில்லை. "நீ என்னோடு ஒரே அடுப்பில் சமைக்கிறாயே" என்றான்.

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு ஒத்துவராதபோது எழும் சந்தேகம் மாதிரிதான் இருந்தது. 'ஒற்றன்' என்ற தலைப்பை நான் அதன்பிறகு வேறு மாதிரி எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன்: அங்கே போனவன் வேவு பார்த்துவிட்டு வருவது தன் தெருவை. ஆசிரியர் ஒத்துக்கொண்டிருப்பாரா, தெரியாது. 2017இல் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது அடையாறில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது, மிக மரியாதையாக. நைஜீரியன் எப்போதாவது கடிதம் எழுதுகிறான். மாட வீதிகளைப் பற்றிக் கேட்பதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கிறான்.