பேரனுக்கு ஒரு மனு

புதுக்கடைக்காரர்களுக்கு எல்லைச் சமாச்சாரம் புதிதல்ல. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11 அன்று திரண்டவர்களைப் போலீஸ் சுட்டது இங்கும் மார்த்தாண்டத்திலும்தான். 1956 நவம்பர் 1-இல் கோடு மாறியது. இன்றைக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் யாரைக் கேட்டு போகிறோம்? அதனால், ஏழு வயதுப் பையனை வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போக கோர்ட் அனுமதி வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பையன் என் மகள் வயிற்றுப் பேரன். விவாகரத்துத் தீர்ப்பின்படி பிள்ளை தாயிடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தகப்பன் பார்க்கலாம். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. "போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கலாம், அப்பா" என்றாள். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மருமகனாக இருந்தவர் மேல் அத்தனை கோபம்.

வக்கீல் 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தை எடுத்து 26-ஆம் பிரிவைக் காட்டினார். கோர்ட் நியமித்த காப்பாளர், அந்தக் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் பிள்ளையை அதன் அதிகார எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மாநிலம் என்ற பேச்சே அதில் இல்லை. நம் தீர்ப்பில் காப்பாளர் என்ற சொல் இல்லாவிட்டாலும், பார்க்கும் நாளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை மாற்றச் சொல்லி மனுப் போடாமல் போனால் நம் பக்கம்தான் கெடும் என்றார்.

டாக்டர் வி. ரவிச்சந்திரன் வழக்கையும் சொன்னார். நியூயார்க் கோர்ட் உத்தரவு இருக்கும்போதே 2007-இல் தாய் பிள்ளையோடு இந்தியா வந்துவிட்டார். போலீஸ் தேடியும் அகப்படவில்லை. 2009-இல் சி.பி.ஐ. சென்னையில் கண்டுபிடித்தது. மாநிலம் மாநிலமாக மாற்றியதில் பிள்ளை இங்கே வேர்விடவே முடியவில்லை என்று கண்ட சுப்ரீம் கோர்ட், அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்துப்போகச் சொன்னது. எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் லண்டன் உத்தரவு இருந்தும் பிள்ளை தாயிடமே இருந்தது. ஆனால் ரவிச்சந்திரனின் பிள்ளைக்கும் அப்போது ஏழு வயது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அப்பாவின் வேலை காரணமாக நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'புய்சான்ஸ் பத்தெர்னெல்' என்று அவர்கள் சட்டத்தில் ஒரு சொல் இருந்தது, தகப்பன் அதிகாரம். 1970-இல் பிரான்சிலேயே அதை எடுத்துவிட்டுப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கினார்கள். நான் தாத்தா அதிகாரம் பண்ணப் பார்த்திருக்கிறேன்!

"மக்ளே, மனுப் போடுவோம்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

நாகர்கோவில் கோர்ட்டில் நான்கு வாய்தா ஆனது. பெங்களூர்ப் பள்ளிக்கூட விவரம், வீட்டு வாடகைச் சீட்டு, கூட யார் இருப்பார்கள் என்பது வரை கேட்டார்கள். குமாஸ்தா வேலை பார்த்தவன், காகிதம் அடுக்குவது எனக்குப் பெரிதில்லை. அவர் பலமாக எதிர்ப்பார் என்று பயந்தோம். லீவு நாளை மட்டும் கேட்டார். பெரிய லீவில் பாதி தகப்பனிடம், வாரம் இரண்டு தரம் வீடியோவில் பேச்சு என்று உத்தரவானது.

லீவுக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு. போன மே மாதம் நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கும்போது பையன் என் தோளில் தூக்கம். அவர் முன்னமே வந்து நின்றிருந்தார். பிள்ளையை எழுப்பாமல் வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த மாமா. பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டார்.