நல்ல நாளில் நெஞ்சு நொந்தால்

பண்டிகை நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சியான நாள் என்று சொல்லிவிடுகிறோம். வீடு வீடாகச் சென்று பெண்களைச் சந்திக்கும் எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் தைப்பொங்கலன்று, வன்னியில் எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். 2009 இல் காணாமற்போன மகனுக்கென்று பொங்கலில் ஒரு பங்கை எடுத்து மூடி வைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. விடியற்காலையிலிருந்தே முதுகும் இடது தோளும் நோவதாகவும், வயிற்றைப் பிரட்டுவதாகவும் சொன்னார்.

“ஒண்டுமில்லை பிள்ளை, வாய்வுதான். நல்ல நாளும் பெருநாளுமா ஆஸ்பத்திரிக்குப் போறதே? சனம் வந்து போகட்டும்” என்றார்.

சீனி வருத்தத்துக்கான குளிசையும் முடிந்து நான்கு நாட்களாம். பொங்கலுக்குப் பிறகு கிளினிக்குக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார். நான் 1990 இலக்கத்துக்கு அழைத்தேன். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாரடைப்பு என்றார்கள். நல்ல காலம், உயிர் தப்பினார்.

அதன்பின் இதுபற்றித் தேடி வாசித்தேன். சுவீடனில் 1998 முதல் 2013 வரை ஏற்பட்ட மாரடைப்புகளை ஆராய்ந்து 2018 இல் ஓர் ஆய்வு வெளியானது. நத்தாருக்கு முதல்நாள் மாரடைப்பு ஏற்படும் ஆபத்து, அதற்கு முன்பின்னான வாரங்களைவிட 37 வீதம் அதிகமாக இருந்தது. முதியவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டது. கோபம், கவலை, துக்கம், மனஅழுத்தம் என்பன காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். அமெரிக்காவிலும் இருதய நோயால் ஏற்படும் மரணங்கள் நத்தார், புதுவருட நாட்களில் உச்சமடைவதை 2004 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பண்டிகைக்காக வைத்தியத்தைப் பிற்போடுவதும் ஒரு காரணமாகலாம் என்று அது கூறியது.

அவர்களின் நத்தார் வேறு, எமது பொங்கல் வேறுதான். ஆனால் வராத பிள்ளையை நினைத்தபடி அடுப்படியில் நிற்கும் மனமும், நோவைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கமும் எம்மிடம் நிறையவே உண்டு.

சகோதரிகளே, மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக வருவதில்லை. மூச்சு முட்டல், குளிர் வியர்வை, குமட்டல், தாடை, முதுகு, தோள் நோவு, காரணமில்லாத களைப்பு என்றும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவு குறைவாகவே தெரியலாம். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை பழுதாகிறது. ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். 1990 இற்கு அழையுங்கள். அது கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவை. விடுமுறை நாளிலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருக்கும். பண்டிகைக்கு முதல் வாரமே கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துப் பாருங்கள்.

அந்த அம்மா இப்போதும் மகனுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறார். ஆனால் பொங்கலுக்கு முன்பே குளிசை எடுத்துவிடுகிறார். “அவன் வரேக்கை நான் இருக்கவேணுமே, பிள்ளை” என்கிறார்.